திப்புவைத் திட்டுகிறார்களா?



ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் இளைஞரே, கிருஷ்ணகிரியில் கல்லாவில் அமர்ந்திருக்கும் வணிகரே! திப்பு சுல்தானைத் திட்டி உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. பதிலுக்கு நீங்களும் திட்டுகிறீர்கள். சற்றுப் பொறுங்கள்.

அது இந்து-முஸ்லிம் யுத்தமாம்! 1791 நவம்பரில் நம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பிடிக்க வந்து தோற்றவன் ஆங்கிலேயன். அவனுக்குக் கூட்டாளிகள் மராட்டியரும், ஹைதராபாத் நிஜாமும். நிஜாம் என்ன மதம்? அதே ஆண்டு சிருங்கேரி மடத்தைச் சூறையாடியது மராட்டியப் படையோடு வந்த கூட்டம். சாரதாம்பாள் சிலையை மீண்டும் நிறுவப் பொருளுதவி செய்தவர் திப்பு! 1916-ல் அம்மடத்திலேயே கிடைத்த கன்னடக் கடிதங்கள் அதற்குச் சாட்சி.

குடகிலும் மலபாரிலும் அவர் படை செய்த கொடுமைகளும், கட்டாய மதமாற்றமும் வரலாறுதான். நம்மவர் சிலர் இதை விழுங்கிவிடுகிறார்கள். அப்புறம் சிருங்கேரியைச் சொன்னால் எவர் நம்புவார்? பணிந்த இடத்தில் தானம், எதிர்த்த இடத்தில் வாள். அன்றைய அரசர்கள் எல்லோரும் அப்படித்தான். 1792 உடன்படிக்கையில் பாராமஹால் கும்பெனியிடம் போனது. தீர்வை கட்டியவர்கள் எல்லா மதத்து விவசாயிகளும்தான்.

அடுத்த செய்தி வந்தால் சிருங்கேரியைச் சொல்லுங்கள். குடகைக் கேட்டால் ஆமென்று ஒப்புக்கொள்ளுங்கள். வரும் ஞாயிறு, பக்கத்துக் கடைக்காரரையும் அழைத்துக்கொண்டு அந்தக் கோட்டை மலையில் ஏறிப் பாருங்கள்.