டப்பாவைப் பிரிங்க, ஸ்கேலை எடுங்க!

முதல்லயே சொல்லிடுறேன், இது பொம்மை ரயில், பொம்மை பஸ் பத்தின பதிவு. "கழுதை வயசாகுது, இன்னும் பொம்மையாடா?"ன்னு எங்க வீட்டுல கேக்குறதையே நீங்களும் கேக்கப் போறீங்கன்னா, கேட்டுட்டு அப்படியே கடைசி வரைக்கும் படிச்சிருங்க :-)

என் கட்சி ரொம்ப சிம்பிள். மாடல் வண்டியை வாங்கி டப்பா பிரிக்காம அலமாரியில வைக்கிறது சேமிப்பு. அதையே பிரிச்சு, அறுத்து, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு நம்ம ஊரு வண்டியா மாத்துறது ஆவணம். நமக்கு இப்போ அவசரமா வேண்டியது ரெண்டாவதுதான்.

வாரத்துல அஞ்சு நாள் பெங்களூர்ல ஆணி புடுங்குறேன். சொந்த ஊரு அகரம். திண்டுக்கல்லுல இருந்து கரூர் ரோட்டுல வந்தா தாடிக்கொம்புக்குப் பக்கத்துல. இந்த ஊரைச் சுத்தி வளர்ந்தவனுக்கு வண்டிப் பைத்தியம் பிடிக்கலைன்னாதான் ஆச்சரியம். ஒரு பக்கம் தாமரைப்பாடி வழியா திருச்சி லைன். இன்னொரு பக்கம் கரூர் ரோடு. அந்தக் கரூர்தான் பஸ் பாடி கட்டுறதுக்குப் பேர் போன ஊரு. புதுசா பாடி கட்டின பஸ்ஸெல்லாம் எங்க ஊரைத் தாண்டித்தான் தெக்க போகும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

"மாடிஃபை பண்றது"ன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. கடையில ஒரு சென்டி டாய்ஸ் அம்பாசிடரோ பஸ்ஸோ வாங்குறீங்க. அடியில இருக்குற திருகைக் கழட்டி பாடியைத் தனியா எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறீங்க. இடுக்குல எம்-சீல், அதுக்கு மேல பட்டி, அப்புறம் பிரைமர், பெயிண்ட். கண்ணாடிக்கு ஓ.எச்.பி ஷீட், ஜன்னல் கம்பிக்கு மெல்லிசு செம்புக் கம்பி. ரெடிமேடா வண்டியே கிடைக்கலையா? ஃபிளெக்ஸ் போர்டு கடையில மிச்சம் விழுற ஃபோம் ஷீட்டை வாங்கி, கத்தியால வெட்டி, முழு பஸ்ஸையும் நாமளே கட்டிக்கலாம். தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும் எத்தனையோ பசங்க அப்படித்தான் அரசு பஸ்ஸை அச்சு அசலா செஞ்சிட்டு இருக்காங்க. பூட்டுக்குப் பேர் போன ஊருங்கிறதால சின்ன அரத்துக்கு எனக்குப் பஞ்சமே இல்ல. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

இதுவரைக்கும் கைவேலை. அடுத்து வர்றது கணக்கு. இஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்கு இதைச் சொல்லாம விடமாட்டேன்.

மாடல் ரயில்ல உலகம் முழுக்க அதிகமா ஓடுறது எச்.ஓ ஸ்கேல். 1:87. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இது ஐரோப்பா, அமெரிக்காவுல இருக்குற 1,435 மி.மீ பாதைக்குன்னு வெச்ச அளவு. நம்ம அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 87-ஆல வகுத்தா 19.26 வரும். அதாவது எச்.ஓ தண்டவாளத்துல நம்ம ஐ.சி.எஃப் பெட்டியை வெச்சா, கீழ கிட்டத்தட்ட 2.8 மி.மீ ஒடுக்கம். என்ன பெருசுன்னு கேக்காதீங்க. நேரா முன்னாடி நின்னு பார்த்தா, ஆள் பெருசு கால் சின்னதுன்னு நிக்கும்.

மத்த நாட்டுக்காரங்க இதுக்கு என்ன பண்ணாங்க? ஜப்பான்காரங்களோட பழைய பாதை 1,067 மி.மீ. 9 மி.மீ தண்டவாளத்துல ஓடுற என் கேஜுக்கு மத்த ஊர்ல 1:160. அவங்க தண்டவாளத்தைத் தொடவே இல்ல, ஸ்கேலை 1:150-ன்னு மாத்திக்கிட்டாங்க. பிரிட்டன்ல இஞ்சின் உருவம் சின்னது, அந்தக் காலத்து மோட்டார் உள்ள அடங்கலை. அதனால தண்டவாளத்தை 16.5-லயே விட்டுட்டு வண்டியை மட்டும் 1:76-க்குப் பெருசாக்கிட்டாங்க. ஆக, ஸ்கேல்ங்கிறது வேதம் கிடையாது. அவனவன் ஊருக்கு ஏத்த மாதிரி வளைச்சுக்கிட்டதுதான்.

நாம வளைச்சா என்ன ஆகும்னு போட்டுப் பாருங்க. நம்ம பாதை அடிக்கணக்குல அஞ்சரை அடி. ஒரு அடிக்கு 3 மி.மீ-ன்னு வெச்சா? அஞ்சரை இன்ட்டு மூணு, 16.5! கடையில கிடைக்கிற எச்.ஓ தண்டவாளம் ஒரு பிசிறு இல்லாம நம்ம அகலப்பாதையா ஆயிடுது. இந்த 3 மி.மீ ஸ்கேல் புதுசும் இல்ல. 1957-லயே பிரிட்டன்ல ட்ரையாங் கம்பெனி இந்த அளவுல ரயில் வித்தது. கணக்கா சொன்னா 1:101.6. ஐ.சி.எஃப் பெட்டியோட உடம்பு நீளம் 21,337 மி.மீ, அகலம் 3,245 மி.மீ. மாடல்ல 210 மி.மீ நீளம், 32 மி.மீ அகலம். மேசையில அடங்கும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் இன்னொண்ணு. மீட்டர் கேஜ். 1,000 மி.மீ-ஐ 101.6-ஆல வகுத்தா 9.84. என் கேஜ் தண்டவாளம் 9 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம். அப்போ என்ன அர்த்தம்? கடைத் தண்டவாளம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா, பழைய திண்டுக்கல் ஜங்ஷன்!

எங்க வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். 90-களோட கடைசியில திருச்சி–மதுரை லைன் அகலமாகி பெரிய வண்டியெல்லாம் ஒரு பக்கம் ஓடும். இன்னொரு பக்கம் ஒட்டன்சத்திரம், பழனி, பொள்ளாச்சி போற மீட்டர் கேஜ் வண்டி, ஒய்.டி.எம்-4 டீசல் இஞ்சினோட உறுமிக்கிட்டு நிக்கும். அம்மா கையைப் பிடிச்சிட்டு பழனிக்குப் போனது அந்த வண்டியிலதான். 2012-ல பழனி வரைக்கும், 2015-ல பொள்ளாச்சி வரைக்கும் அகலப்பாதை வந்துடுச்சு. வந்தது நல்லதுதான், நான் குறை சொல்லலை. ஆனா தமிழ்நாட்டுல இன்னைக்கு மிச்சம் இருக்குற மீட்டர் கேஜ், ஊட்டி மலை ரயில் மட்டும்தான். அதுக்கு யுனெஸ்கோ பட்டம் உண்டு, உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. எங்க பழனி பாசஞ்சருக்கு யாரு இருக்கா?

இங்கதான் நான் சொல்ல வந்தது ஆரம்பிக்குது.

திண்டுக்கல்லைத் தலைமையிடமா வெச்சு ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம்னு ஒண்ணு இருந்துச்சு. 1997-ல அரசு போக்குவரத்துக் கழகங்களோட பேரையெல்லாம் எடுத்தப்போ அந்தப் பேரும் போச்சு. அந்தக் காலத்து பஸ் ஒண்ணை 1:50-ல செய்யணும்னு ஆசை. பஸ் 2.5 மீட்டர் அகலம்னா மாடல் 5 செ.மீ. கைக்கு அடக்கமா இருக்கும். தேடினா நேர்பக்கமா எடுத்த படம் ஒண்ணு கூட எனக்குச் சிக்கலை.

எங்க தாய்மாமா அந்தக் கழகத்துல கண்டக்டரா இருந்தவர். அவர்கிட்ட போய் உக்காந்தேன். இருக்குற ஒரே போட்டோ, டிப்போவுல யாரோ ஒருத்தர் ரிட்டயர் ஆனப்போ எடுத்தது. இருபது பேர் மாலையோட நிக்கிறாங்க, பின்னாடி பஸ்ஸோட கூரையும் ஒரு ஜன்னலும் தெரியுது. அம்புட்டுதான். ஆனா மாமா பேச ஆரம்பிச்சதும் பஸ்ஸே உள்ள வந்துடுச்சு.

"மாப்ள, கூரைக்கு அடியில மணிக்கயிறு ஓடும்டா. அது நடுவுல தொஞ்சு போயி ஒரு முடிச்சு இருக்கும். அதைப் போடு. முடிச்சு இல்லைன்னா அது என் வண்டி இல்ல."

டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி திருக்குறள் எழுதின இடம், டிக்கெட் பையில காசு உரசி உரசி எந்தக் கம்பியில பெயிண்ட் போயிருக்கும், எந்தப் படி மட்டும் தேஞ்சு பளபளன்னு இருக்கும், எல்லாம் சொன்னார். பக்கவாட்டுல ஓடுற பட்டை என்ன கலர்னு கேட்டேன். ஒரு கலர் சொன்னார். அவரோட சினேகிதர், அதே டிப்போ டிரைவர், அன்னைக்குச் சாயங்காலம் வந்தவர், "அதெல்லாம் இல்லப்பா"ன்னு வேற கலர் சொன்னார். ரெண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை போட்டாங்க. ரெண்டு பேரும் வருஷக்கணக்கா அந்த வண்டியிலயே வாழ்ந்தவங்க!

யோசிச்சுப் பாருங்க. லட்சக்கணக்கான ஜனம் ஏறி இறங்கின வண்டி. முப்பது வருஷம்கூட முழுசா ஆகலை. கலர் என்னன்னு சண்டை. அந்த ரெண்டு பேரும் இல்லாத காலத்துல சண்டை போடக்கூட ஆள் இருக்காது.

இது பழைய கதைன்னு விட்டுடாதீங்க. இப்பவும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல பழைய மாதிரி பெட்டி தயாரிக்கிறதை 2018 ஜனவரியோட நிறுத்திட்டாங்க. இருக்குற பெட்டியெல்லாம் ஆயுசு முடிய முடிய ஒதுங்குது. சிலதை ஜன்னலை அடைச்சு கார் ஏத்திட்டுப் போற சரக்குப் பெட்டியா மாத்திடுறாங்க. 15 வருஷம் தாண்டின அரசு வண்டிகளோட பதிவு 2023 ஏப்ரல் 1-ல இருந்து ரத்துன்னு மத்திய அரசு சொல்லிடுச்சு, அதுல அரசு பஸ்ஸும் சேர்த்தி. நீங்க காலேஜுக்குப் போன பஸ் இந்நேரம் இரும்புக் கடையில இருக்கலாம்.

இங்கிலாந்துல ராய் இங்லண்ட்னு ஒருத்தர் இருந்தார். ஆஸ்திரேலியாக்காரர், 1925-ல அங்க வந்தவர். கூரை வேய்ந்த பழைய கிராமத்து வீடுகள் ஒவ்வொண்ணா மாறிப் போறதைப் பார்த்து, அளவெடுத்து 1:76-ல செய்ய ஆரம்பிச்சார். இன்னைக்கு அது லாங் விட்டன்ஹாம்ங்கிற ஊர்ல பெண்டன் மியூசியமா நிக்குது. அவங்க தாத்தா பாட்டி காலத்து ஊரை ஜனங்க அங்க போய்ப் பார்க்குறாங்க. நம்ம நாட்டுலயும் புனேயில ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் 1998-ல வந்துச்சு. தனி மனுஷங்களோட பைத்தியம்தான் ரெண்டுமே.

இப்போ எதிர்க்கட்சி. "டப்பா பிரிச்சா மதிப்பு போயிடும்"னு சேகரிப்பாளர் நண்பர்கள் சொல்வாங்க. உண்மைதான், விலை போயிடும். ஆயிரக்கணக்குல அச்சடிச்ச வண்டியில ஒண்ணு குறைஞ்சா உலகத்துக்கு நட்டம் இல்ல. முடிச்சு விழுந்த மணிக்கயிறோட இருக்குற பஸ் உலகத்துலயே ஒண்ணுதான். அரிய பழைய மாடலை அறுங்கன்னு நான் சொல்லலை, அது பாவம். இருநூறு முந்நூறு ரூபா வண்டியைச் சொல்றேன்.

"எல்லாம் 3டி பிரிண்ட் பண்ணிக்கலாமே"ங்கிறது அடுத்தது. பண்ணலாமே, எனக்கும் பிடிக்கும். ஆனா மிஷினுக்கு அளவை யார் சொல்றது? பிரிண்டருக்குக் கற்பனை கிடையாதுங்க.

"எச்.ஓ-ல கிடைக்கிற வெளிநாட்டு இஞ்சின் சேஸிஸ், மனுஷ பொம்மை எதுவும் உன் 3 மி.மீ-க்குச் சேராதே"ங்கிறது நியாயமான கேள்வி. ஆமா, நிறைய கையால செய்யணும். ஆனா மனுஷ பொம்மைக்கு 1:100 கட்டட மாடல் ஆளுங்க இருக்காங்க, சரியா பொருந்துவாங்க. கோட் சூட்டை மட்டும் வேட்டியா மாத்தணும். ஹி ஹி.

எங்க ஊரு முத்தாலம்மன் திருவிழாவைப் பார்த்தவங்களுக்கு நான் சொல்றது இன்னும் சுலபமா புரியும். திருவிழாவுக்கு அம்மனைப் புதுசா மண்ணுலதான் செய்வாங்க. முடிஞ்சதும் மண்ணு மண்ணோட போயிடும். அடுத்த திருவிழாவுக்கு மறுபடி புது அம்மன், அதே முகம். கண்ணாடிப் பெட்டியில எதையும் பூட்டி வைக்கலை. செய்யிற கை இருக்குற வரைக்கும் உருவம் இருக்கும். பொம்மையையும் அம்மனையும் ஒண்ணா வைக்கிறேன்னு கோச்சுக்காதீங்க, சொல்ல வந்தது அந்தக் கையைப் பத்தி.

அதனால நான் கேக்குறது இதுதான். நீங்க மாடல் செய்யவே வேண்டாம். அளவு மட்டும் எடுத்து வைங்க. உங்க ஊரு டவுன் பஸ், மினி பஸ், பால் வண்டி, தண்ணி லாரி, எதுவா இருந்தாலும் சரி. நேர்பக்கமா நின்னு, கொஞ்சம் தள்ளிப் போய் ஜூம் பண்ணி எடுங்க, அப்போதான் கோணல் வராது. படத்துல அளவு தெரிஞ்ச ஒரு பொருள் இருக்கட்டும். எதுவும் இல்லைன்னாலும் பரவாயில்ல, 10.00-20 டயர் தோராயமா 1 மீட்டர் 5 செ.மீ உசரம், அதை வெச்சே மீதியைக் கணக்குப் போட்டுடலாம். முன், பின், ரெண்டு பக்கம், முடிஞ்சா மாடியில இருந்து கூரை. ரயிலா இருந்தா பிளாட்பாரத்துல நின்னு எடுங்க. தண்டவாளத்துல இறங்கி வீரம் காட்ட வேண்டாம்.

அப்படியே வீட்டுல டிரைவர், கண்டக்டர், கேங்மேன், ஸ்டேஷன் மாஸ்டர்னு யாராவது ரிட்டயர் ஆனவங்க இருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல உக்காந்து "உங்க வண்டி எப்படி இருக்கும்?"னு கேளுங்க. போன்ல ரெக்கார்டிங்கைப் போட்டுட்டுக் கேளுங்க.

மாமா பஸ்ஸுக்கு மணிக்கயிறு போட்டாச்சு, தையல் நூலுல, நடுவுல முடிச்சோட. பக்கவாட்டுப் பட்டை மட்டும் இன்னும் பிரைமர்லயே நிக்குது. திண்டுக்கல் பக்கம் யார் வீட்டு ஆல்பத்துலயாவது ராணி மங்கம்மாள் பஸ்ஸோட கலர் படம் இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. ரெண்டு பெரியவங்க சண்டையைத் தீர்த்து வெச்ச புண்ணியம் உங்களுக்கு.