வட்டி இறங்கியதாம்! பயன் யாருக்கு?

வங்கி வாசல்களிலே வண்ணப் பலகைகள் தொங்குகின்றன. வட்டி இறங்கிவிட்டதாம், சலுகை பிறந்துவிட்டதாம், இனி இந்நாட்டில் வீடில்லாதவர் எவருமிலராம்! பலகையைப் படித்த ஆசிரியர் ஒருவர் ஆசையோடு காணி பார்க்கப் புறப்படுகிறார். சென்ற ஆண்டு சொன்ன விலை இவ்வாண்டு இல்லை. வட்டி இறங்கிய செய்தி அவருக்கு முன்பாகவே காணிக்காரரின் படலையைத் தட்டிவிட்டது. வட்டியில் மிச்சமாகும் என்று அவர் கணக்கிட்ட பணத்தைப் பரப்புக்கு ஏறிய விலை விழுங்கிவிட, போன வழியே திரும்பி வருகிறார்.

இந்த ஏமாற்றத்தை அவருடைய தலைவிதியென்று தள்ளிவிட நாம் ஒருப்படோம். வட்டி மழையைப் போல வானத்திலிருந்து விழுவதில்லை. அது சட்டத்தாலும் ஒப்பந்தத்தாலும் மனிதர் இயற்றும் காரியம். இன்றுள்ள சட்டமும் ஒப்பந்தமும் எப்படி இருக்கின்றன? வட்டி ஏறும்போது சுமை முழுவதும் கடனாளியின் தலையில். இறங்கும்போது பயனிற் பெரும்பங்கு பிறர் மடியில். இந்த ஒருபக்க நீதியை மாற்றாத எந்தச் சலுகையும் வீடு வாங்குவோனுக்குச் சலுகையாகாது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். மாதந்தோறும் 50,000 ரூபா தவணை கட்டக்கூடிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தவணைக் காலம் 20 ஆண்டுகள். வட்டி 10 வீதமாயின் அக்குடும்பம் ஏறக்குறைய 51 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா கடன் பெறலாம். வட்டி 15 வீதமாயின் ஏறக்குறைய 38 இலட்சம். 20 வீதமாயின் 29 இலட்சத்து 40 ஆயிரம் மாத்திரமே! குடும்பத்தின் உழைப்புக் குறையவில்லை, சிக்கனம் குறையவில்லை, நாணயம் குறையவில்லை. ஆயினும் வாங்கும் சக்தியில் நூற்றுக்கு நாற்பத்துமூன்று பங்கு மறைந்துவிட்டது. மூன்று அறையும் விறாந்தையுமாக எண்ணியிருந்த வீடு ஓர் அறையும் ஒரு குசினியுமாகச் சுருங்கிவிடுகிறது.

ஏற்கெனவே கடன் பெற்றவனின் நிலை இதனினும் கொடிது. 10 வீத வட்டியில் 50 இலட்சம் ரூபா பெற்றவனுக்கு மாதத் தவணை 48,250 ரூபா அளவில் வரும். வட்டி 20 வீதமானால் அக்கடனுக்கு முதல் மாத வட்டி மாத்திரம் 83,333 ரூபா. பழைய தவணை வட்டிக்கே போதாது. கட்டக் கட்டக் கடன் வளரும். ஓட்டைப் பானையில் நீர் மொண்டவன் கதைதான்.

இது கற்பனைக் கணக்கென்று எவரும் நகைக்கவேண்டாம். 2022 ஏப்பிரல் 8 ஆம் நாள் மத்திய வங்கி, தான் வணிக வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியை 7.5 வீதத்திலிருந்து 14.5 வீதமாக ஒரே நாளில் உயர்த்தியது. 2023 மார்ச்சில் அது 16.5 வீதத்தைத் தொட்டது. வணிக வங்கிகள் மக்களிடம் அறவிட்ட வட்டி 20 வீதத்தைத் தாண்டியது. கடனாளி புதிதாக எதையும் வாங்கவில்லை; புதிதாக எதிலும் கையொப்பமிடவுமில்லை. ஆயினும் அவனுடைய தவணை ஏறியது. எந்த உரிமையால் ஏறியது?

ஈட்டுறுதிகளைப் படித்துப் பாருங்கள். இவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வட்டி வீதத்தை வங்கி காலத்துக்குக் காலம் மாற்றலாம், அம்மாற்றம் கடனாளியைக் கட்டுப்படுத்தும் என்ற வாசகம் நடுவில் எங்கோ ஒரு பந்தியில் உறங்கிக்கொண்டிருக்கும். நொத்தாரிசின் மேசையிலே பத்து இடங்களில் அவசரமாகக் கையொப்பமிடும் விவசாயிக்கு அவ்வாசகத்தை அவனுடைய மொழியில் விளக்கிச் சொல்வார் யார்? ஒப்பந்தம் என்பது இருவர் மனமொத்துச் செய்வது என்று சட்டக் கல்லூரியிலே படித்தோம். விலையை ஒருவர் பின்னர் தம் விருப்பம்போல் எழுதிக்கொள்ளவும், மற்றவர் அதற்கு இன்றே தலையாட்டவும் செய்வது ஒப்பந்தமா, அடிமைச் சாசனமா?

வட்டி இறங்கிய கதையையும் கேளுங்கள். 2023 யூன் மாதம் முதல் மத்திய வங்கி தன் வீதங்களைப் படிப்படியாகக் குறைத்தது. 2024 நவம்பரில் ஓரிரவுக் கொள்கை வீதம் 8 ஆகவும், 2025 மே மாதத்தில் 7.75 ஆகவும் வந்தது. ஏற்றம் மின்னல் வேகத்தில் வந்தது. இறக்கமோ ஆமை நடையில் வந்தது. வங்கிகள் தாமாகக் குறைக்கத் தயங்கியமையால், கடன் வட்டியைக் குறைக்கும்படி 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி கட்டளை பிறப்பிக்கவேண்டியதாயிற்று. அக்கட்டளையிலேதான் நகை அடகுக்கு 18 வீதத்துக்கு மேல் வட்டி அறவிடலாகாது என்றும் விதிக்கப்பட்டது. வட்டியை ஏற்றுவதற்கு எந்தக் கட்டளையும் தேவைப்படவில்லை. இறக்குவதற்குக் கட்டளை தேவைப்பட்டது. இதற்கு மேலும் சாட்சியம் வேண்டுமோ?

தவணை தவறியவனுக்குச் சட்டம் என்ன செய்கிறது? 1949 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க ஈட்டுச் சட்டத்தின்படி, ஈடு பிடித்தவர் நீதிமன்றம் ஏறி வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெறவேண்டும். கடனாளி தன் நியாயத்தைச் சொல்ல ஒரு மேடையேனும் உண்டு. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டமோ வங்கிகளுக்கு வேறொரு வாள் கொடுத்தது. 'பராட்டே' எனப்படும் அதிகாரத்தின்படி, வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றிவிட்டு, வழக்கின்றியே ஆதனத்தை ஏலத்தில் விற்கலாம். கடன் கொடுத்தவரே நீதிபதி. அவரே ஏலக்காரரை அழைப்பவர்!

2011 ஆம் ஆண்டுத் திருத்தம், 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த முதலையுடைய கடன்களை இவ்வாளின் வீச்சிலிருந்து விலக்கியது. அன்று அது பெருந்தொகை. 2022 இல் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவாகி, சீமெந்தும் கம்பியும் எட்டா விலைக்குப் போயின. அதன் பின்னர் 50 இலட்சம் என்பது நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்கடனாகிவிட்டது. பணம் தேய்ந்தது, அதனோடு சட்டம் தந்த பாதுகாப்பும் தேய்ந்தது. கடனாளிகளின் கூக்குரல் பெருகியபின் 2024 இல் இவ்வதிகாரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். நிறுத்திவைத்த வாளும் வாளே.

இனிச் சலுகைகளுக்கு வருவோம். வீடுகளின் தொகை பெருகாத இடத்தில் வாங்குவோரின் கையிற் பணத்தை மாத்திரம் திணித்தால், அப்பணம் விற்போரின் பைக்குப் போய்ச் சேரும். இங்கிலாந்தைப் பாருங்கள். 2013 முதல் 2023 வரை அங்கு 'வாங்க உதவி' என்னும் திட்டம் நடந்தது. புதுவீடு வாங்குவோருக்கு விலையில் ஒரு பங்கை அரசாங்கமே கடனாகக் கொடுத்தது. உதவி மிகத் தேவைப்பட்ட இடங்களிலே, கொடுத்த உதவியினும் கூடுதலாக விலையை அத்திட்டம் ஏற்றிவிட்டது என்று பிரபுக்கள் சபையின் குழுவொன்று 2022 இல் அறிக்கையிட்டது. செல்வம் மிகுந்த இங்கிலாந்துக்கே இக்கதியென்றால் நமது கதி என்ன?

நாம் அனுபவத்திலும் அறிந்ததே இது. 2012 இல் வடக்கிலும் கிழக்கிலும் விரிவாகத் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடொன்றுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. அவ்வுதவியை நன்றியோடு நினைவுகூருகிறோம். ஆயினும் ஊர் முழுவதும் ஒரே காலத்திற் கட்டத் தொடங்கியபோது மணலும் கல்லும் மேசன் கூலியும் ஏறின. கூரையை எட்டாத சுவர்களோடு நின்ற குடும்பங்கள் பல, தாலிக்கொடியை அடகு வைத்தும் கைமாற்று வாங்கியும் வேலையை முடித்தன. உதவி வந்தது, கடனும் அதன் கைபிடித்து வந்தது.

தமிழ்ப் பிரதேசங்களில் இக்கேட்டுக்குத் தனிக் காரணங்களும் உண்டு. குடாநாட்டில் நிலம் குறுகியது. அக்குறுகிய நிலத்திலும், 1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகளில் ஒரு பகுதி இன்னும் இராணுவத்தின் பிடியிலிருந்து மீளவில்லை. மக்கள் குடியிருக்கவேண்டிய காணியைப் பூட்டிவைத்துக்கொண்டு, மிஞ்சிய காணியை வாங்கக் கடன் தருகிறோம் என்பது, கிணற்றை மூடிவிட்டு வாளி விற்பது போலாகும். வன்னியிலோ வேறொரு தடை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் காணி பெற்ற கமக்காரன், அதிகாரியின் சம்மதமின்றி அக்காணியை ஈடு வைக்க முடியாது. வங்கிகளும் அப்பத்திரத்தை ஏற்கத் தயங்குகின்றன. வட்டி 20 வீதமாயினும் 8 வீதமாயினும் அவனுக்கு ஒன்றே. வீட்டுக்கடன் வாயில் மூடப்பட்டிருக்க, அவன் அடகுக் கடையின் வாயிலையே நாடுகிறான்.

இன்னுமொன்று. 2022 இல் உள்ளூர் ஆசிரியரின் வாங்கும் சக்தி பாதிக்கு அண்மையாக விழுந்தபோது, அதே மாதங்களில், டொலரிலோ பவுணிலோ சேமித்திருந்தவரின் வாங்கும் சக்தி பெரிதும் உயர்ந்தது. ஒரே காணிக்கு இருவரும் விலை கேட்டால் வெல்பவர் யார்? புலம்பெயர்ந்த எம் உறவினரை நாம் நோகோம். ரொறன்ரோவில் மாறும் வட்டிக்கு வீடு வாங்கிய தமிழரும் துன்புற்றவரே. 2022 மார்ச்சில் 0.25 வீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வீதம் 2023 யூலையில் 5 வீதமாகியது. தவணை வட்டிக்கே போதாத நிலையை அங்குள்ளோரும் கண்டனர். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் நோய் ஒன்றே.

எதிர்வாதத்தையும் மறைக்காமற் சொல்வோம். "வட்டியை உயர்த்தாவிடின் விலைவாசி நாட்டையே அழித்திருக்கும்; வைப்பு வட்டியில் வாழும் ஓய்வூதியர் என்ன ஆவார்?" என்று கேட்பர். உண்மை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாயிற்று. வட்டியை உயர்த்தியதே பிழையென்று நாம் வாதாடவில்லை. மலிவு வட்டிக்கு யாசிக்கவுமில்லை. நாட்டின் நிதிக் கேட்டுக்குக் காரணர் அல்லாத ஒரு குடும்பம், அதன் தண்டத்தை முழுவதும் தனித்துச் செலுத்தவேண்டுமா என்றே கேட்கிறோம். ஐக்கிய அமெரிக்காவிலே 30 ஆண்டுகளுக்கு மாறாத வட்டியில் வீட்டுக்கடன் பெறுவது வழக்கம். கடன் கொடுப்போர் ஆபத்திற் பங்கேற்பது உலகம் காணாத புதுமையன்று.

நமக்கும் அது புதுமையன்று. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே ஒற்றி என்னும் ஈடு உண்டு. ஒற்றி பிடித்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பார். மழை பொய்த்தால் அவர் பயனும் குறையும். அதற்காகக் கடனாளியின் முதல் வளராது. ஒற்றியிலும் ஏழைகள் காணி இழந்ததுண்டு, அதனை மறுக்கவில்லை. ஆயினும், கெட்ட காலத்தில் இருவரும் நட்டப்படவேண்டும் என்ற நீதி அதில் இருந்தது. இன்றைய ஈட்டுறுதியில் அந்த நீதி எங்கே?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. முதலாவது, குடியிருக்கும் வீட்டுக்கான கடனில், தொடக்க ஆண்டுகளுக்கு மாறாத வட்டியும், அதன் பின் ஏறக்கூடிய அளவுக்கு ஓர் உச்ச வரம்பும் சட்டத்தால் விதிக்கப்படவேண்டும். இரண்டாவது, எந்த அளவுகோலால் வட்டி ஏறுகிறதோ அதே அளவுகோலால், அதே காலத்துள், அது இறங்கவேண்டும். மூன்றாவது, கடனாளியின் மொழியில் எழுதப்படாத ஈட்டுறுதி அவனைக் கட்டுப்படுத்தலாகாது. நான்காவது, குடியிருக்கும் வீட்டைப் பராட்டே அதிகாரத்திலிருந்து முற்றாக விலக்கவேண்டும். வங்கியும் மற்றவர்போல் நீதிமன்றம் ஏறட்டும். ஐந்தாவது, அரசாங்கத்தின் சலுகைப் பணம் புதிய வீடு கட்டவும், கமக்காரனின் பத்திரத்தை முழு உறுதியாக்கவும் செலவாகவேண்டும். மக்களின் காணிகள் மக்களிடம் மீளவேண்டும். காணி பற்றிய அதிகாரம் 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுத்தளவில் வந்தது. வடமாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரில் முடிவுற, அதன் பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. கேட்பாரற்ற காணிக்குக் கொழும்பே எசமான்.

அதுவரை நாம் சும்மா இருப்பதா? கடன் பெறப் புறப்படுவோர் ஒன்று செய்யலாம். இன்றைய வட்டியை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். அது இரட்டிப்பானாலும் தவணை கட்ட இயலுமா என்று பாருங்கள். வட்டியை மாற்றும் வாசகத்தை நொத்தாரிசிடம் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத இடத்திற் பேனாவைக் கீழே வையுங்கள். சட்டம் பயின்றோரே, உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாதம் ஒரு மாலை அமர்ந்து அயலவரின் உறுதிகளை வாசித்து விளக்குங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் இந்த ஐந்து கோரிக்கைகளையும் முன்வைத்து, ஆமா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள் நம் முன்னோர். கட்டும் துணிவு நம் மக்களுக்கு என்றும் குறைந்ததில்லை. எரிந்த வீட்டை மும்முறை கட்டியவர்களும் நம்மிடையே உளர். கட்டிய வீட்டை ஒரு பந்தி வாசகத்தால் இழக்காதிருக்கும் உரிமையையே கேட்கிறோம். அதனைச் சட்டமாக எழுதித் தருக!