ஆபீஸுக்கு ஸ்பீக்கர் வாங்குறீங்களா? வாட் கணக்கை முதலில் மறந்துடுங்க!

பள்ளிப்பட்டு மாதிரி ஊரில் ஆபீஸ் என்றால் கண்ணாடிக் கட்டடமெல்லாம் கிடையாது. ஒரு ஷட்டர் போட்ட அறை, இரண்டு மூன்று மேசை, ஒரு பிரின்டர், தலைக்கு மேல் சுற்றும் ஃபேன். அதற்குள்தான் ஜிஎஸ்டி கணக்கு, டிசைனிங், ஆன்லைன் விண்ணப்பம், சென்னை கம்பெனிக்கான ஐடி வேலை எல்லாம் நடக்கும். காலையில் பாட்டு ஓடினால்தான் வேலையும் ஓடும். ஆனால் சத்தமாக வைக்க முடியாது. ஆள் வருவார்கள், போன் அடிக்கும், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

சரி, குறைத்து வைத்தால்? பாட்டில் உயிரே இருக்காது. இளையராஜா பாட்டில் அந்த பேஸ் கிதார் எங்கே போனதென்றே தெரியாது. குரலும், மெலிசாக ஒரு தாளச் சத்தமும் மட்டும்தான் மிஞ்சும். உடனே 'ஸ்பீக்கர் சின்னது, இன்னும் பெரிய வாட்டில் வாங்கணும்' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இதில்தான் காசு வீணாகிறது.

குற்றவாளி காதுதான்

1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து காட்டினார்கள். மனிதக் காது எல்லா ஒலியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. சத்தம் குறையக் குறைய, கனமான கீழ் ஒலிகள்தான் முதலில் காதிலிருந்து நழுவும். இன்று இதற்கு ஐஎஸ்ஓ 226 என்ற சர்வதேச அளவுகோலே இருக்கிறது.

அதன்படி, குரல் இருக்கும் பகுதியில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் பேஸ் அதே அளவு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் அதற்கு சுமார் 64 டெசிபல் வேண்டும். 24 டெசிபல் வித்தியாசம். இதையே 80 டெசிபலில் சத்தமாகக் கேட்டால் வித்தியாசம் 12 டெசிபல் அளவுக்குச் சுருங்கிவிடும். அதாவது வால்யூமைக் குறைக்கும்போது பேஸ் மட்டும் கூடுதலாக 12 டெசிபல் இழந்த மாதிரி காதுக்குப் படுகிறது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் இது மாறாது.

பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருந்தது ஞாபகம் இருக்கலாம். அது இதற்காகவே வைத்தது: குறைந்த சத்தத்தில் கேட்கும்போது பேஸைத் தூக்கிக் கொடுக்கும். நம்ம ஆட்கள் அதை ஃபுல் வால்யூமில் அழுத்தி ஜன்னலை அதிரவிட்டது வேறு கதை.

வாட் எவ்வளவு வேணும்?

சிரிப்பு வரும் அளவுக்குக் கொஞ்சம். சாதாரண ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 85 டெசிபல் தரும். ஆபீஸில் 60 டெசிபலில் கேட்க ஒரு வாட்டில் முந்நூறில் ஒரு பங்கு போதும். திடீரென உயரும் இடங்களுக்குச் சேர்த்தாலும் ஒரு வாட்டைத் தாண்டுவது அபூர்வம். அட்டைப் பெட்டியில் 'பிஎம்பிஓ 5,000 வாட்' என்று எழுதியிருப்பதை விலைச்சீட்டு ஒட்ட இடமில்லாததால் போட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாட்டைவிடப் பெரிய விஷயம் தூரம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். உங்கள் காதுக்கு 60 சென்டிமீட்டரில் ஸ்பீக்கர், பக்கத்து மேசைக்காரருக்கு அதே ஸ்பீக்கர் 2.4 மீட்டரில் என்றால், அவருக்கு 12 டெசிபல் குறைவு. அறைச் சுவரில் பட்டுத் திரும்புவதால் கணக்கு அப்படியே வராது, ஆனாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதனால் ஷெல்ஃப் மேலே ஒரு பெரிய பார்ட்டி ஸ்பீக்கரை ஏற்றி எல்லோருக்கும் பொதுவாகப் பாட்டுப் போடுவதைவிட, மானிட்டருக்கு இரண்டு பக்கமும் ஒரு சின்ன ஜோடி வைப்பதுதான் சரி. பாட்டு தமிழா தெலுங்கா என்ற பஞ்சாயத்தும் ஓரளவு குறையும். ஆந்திர எல்லையில் அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று. சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள் என்று ஆடியோ பிரியர்கள் சொல்வார்கள். குறைந்த சத்தத்துக்கு அதைக் கேட்க வேண்டாம். சுவரை ஒட்டி வைத்தால் கீழ் ஒலி தானாகவே கூடும். இங்கே தேவைப்படுவதும் அதுதான். மேசை அதிராமலிருக்க அடியில் ரப்பர் துண்டு போதும்.

விளம்பரத்தில் சொல்லாத மூன்று

கரன்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று சில ஸ்பீக்கர்கள், வரும் சிக்னல் சின்னதாக இருந்தால் தானாக அணைந்துவிடும். மெதுவாகக் கேட்பவருக்குப் பாட்டு நடுவில் நிற்கும். இந்த வசதியை அணைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, பாட்டே ஓடாதபோது வரும் 'ஸ்ஸ்' சத்தம். கடையில் கேட்காது, அமைதியான அறையில், அரை மீட்டர் தூரத்தில் தலைவலி. மூன்றாவது, புளூடூத்தில் வால்யூமின் முதல் படியே அதிகமாக இருப்பது. ஒயரில் இணைத்து, ஸ்பீக்கரிலேயே திருகும் குமிழ் இருப்பது இதனால்தான் நல்லது. பேஸைக் கூட்ட ஒரு குமிழ் இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் போனில் உள்ள ஈக்வலைஸரில் கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

விசைத்தறி ஓடும் தெருவில் ஆபீஸ் இருந்தால் இதெல்லாம் உதவாது. தறிச் சத்தத்தை மிஞ்ச வால்யூமை ஏற்றினால் காதுக்குத்தான் கேடு. வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் வரைதான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே காதை நன்றாக மூடும் ஹெட்போன்தான் வழி.

கடையில் கேட்டுப் பார்த்தால், கடைக்காரர் முதலில் சத்தத்தைத்தான் ஏற்றுவார். சத்தமாக வைத்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். 'பக்கத்தில் நின்று பேசினால் பேச்சு கேட்கிற அளவுக்குக் குறைங்க அண்ணே' என்று சொல்லி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போடச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால், ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் ஒரு வேலை நாளில், காலை 11 மணிக்கு, ஃபேன் ஓடும்போது கேட்டுப் பாருங்கள். பக்கத்து மேசைக்காரரையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.