பூட்டிய கணினி

"அக்கா, எதை இன்ஸ்டால் பண்ணப் போனாலும் அட்மின் பாஸ்வேர்ட் கேக்குது. பேசாம வேலைய என் சொந்த லேப்டாப்புக்கே கொண்டுபோயிடலாம்னு பாக்குறேன்." சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கிலேயே இருக்கும் தம்பி, மென்பொருள் எழுதுபவர்.

எரிச்சல் நியாயம்தான். யோசனைதான் ஆபத்து. 2018 சிங்ஹெல்த் ஊடுருவலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடுபோனது நினைவிருக்கும். அங்கே ஒரு நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல், 'பாஸ்வேர்ட்' என்ற சொல்லையே லேசாக மாற்றி எழுதியது என்பது விசாரணையில் வெளிவந்தது! அலுவலகங்கள் அட்மின் உரிமையைப் பூட்டி வைப்பது சும்மா இல்லை.

பூட்டுக்குள்ளேயும் இடமுண்டு. நிறுவன விதி இடங்கொடுத்தால், விஷுவல் ஸ்டூடியோ கோடை உங்கள் பயனர் கணக்குக்குள் மட்டும் நிறுவலாம், அட்மின் தேவையில்லை. பைத்தானில் 'வென்வ்' என்ற தனிச்சூழல் உண்டு. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் அறை மாதிரி. தேவையான தொகுப்புகள் அந்தக் கோப்புறைக்குள்ளேயே இறங்கும், கணினியின் மற்ற பகுதிகளைத் தொடாது.

டிரைவர் போன்றவற்றுக்கு மட்டும் அட்மின் இல்லாமல் முடியாது. அதற்கு ஐடி பிரிவுக்கு எழுதும்போது எந்த மென்பொருள், எந்த வேலைக்கு, எத்தனை நாளுக்கு என்று மூன்றையும் சொல்லுங்கள். "அட்மின் வேண்டும்" என்று ஒற்றை வரி அனுப்பினால், நானாக இருந்தாலும் தரமாட்டேன்.