எங்கள் ஊர் வரலாற்றில் யார் பெயர்?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

கல்லூரி ஆண்டு மலர்களை எடுத்துப் புரட்டினால் 'என் ஊர்' என்ற தலைப்பில் ஒரு கவிதையோ கட்டுரையோ தவறாமல் இருக்கக் காணலாம். ஏரிக்கரை இருக்கும்; ஆல விழுது இருக்கும்; திருவிழாவும் தேரும் இருக்கும்; முடிவில் 'அந்த நாள் இனி வருமா' என்ற ஏக்கமும் இருக்கும். வரலாறு எழுதப் புகுவோரோ கங்கைகொண்ட சோழபுரத்தில் தொடங்கி, ரஞ்சன்குடிக் கோட்டையை ஒருமுறை சுற்றி வந்து, 1751இல் சந்தா சாகிப்புக்குப் பிரெஞ்சுக்காரரும் முகமது அலிக்கு ஆங்கிலேயரும் துணைநிற்க இப்பகுதியில் நடந்த போரைச் சொல்லி நிறுத்திக்கொள்வர். இரண்டு வகையையும் நான் விரும்பிப் படிப்பவன்தான். ஆயினும் இவற்றில் எங்கள் வீட்டார் ஒருவரைக் கூட நான் சந்தித்ததில்லை. உங்களில் பலரும் சந்தித்திருக்க மாட்டீர்கள்.

ஊர் வரலாறு எழுதுவதில் பேர் பெற்றவர்கள் ஆங்கிலேயர்கள். 1899ஆம் ஆண்டு, விக்டோரியா அரசியின் பெயரால், இங்கிலாந்தின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஊர்வாரியாக வரலாறு எழுதும் பணியைத் தொடங்கினார்கள்; நூற்றாண்டு கடந்தும் அது இன்னும் முடியவில்லை. அங்குள்ள சிற்றூர்களில், தேவாலயத்தின் அருகிலோ தெரு கூடும் இடத்திலோ, ஒரு நினைவுக்கல் நிற்கும். முதல் உலகப் போருக்கு அவ்வூரிலிருந்து சென்று மடிந்தவர்களின் பெயர்கள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். குதிரை லாயத்தில் வேலை பார்த்தவன் பெயரும் இருக்கும், பிரபுவின் மகன் பெயரும் இருக்கும். போரில் ஒருவரையும் இழக்காத ஊர்கள் அந்நாட்டில் ஐம்பதை ஒட்டித்தான் உண்டு என்று கணக்கெடுத்திருக்கிறார்கள்.

அதே போருக்கு நம் நாட்டிலிருந்தும் ஆட்கள் போனார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அப்போதைய அரசு இந்தியச் சிற்றூர்கள் பலவற்றிலும் சிறு கற்பலகைகளைப் பதித்தது. 'இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர்; அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தனர்' என்பதுதான் அவற்றின் செய்தி. அதே அரசு, அதே போர். அவர்கள் ஊர்க் கல்லில் பெயர். நம் ஊர்க் கல்லில் எண்ணிக்கை. இந்த ஒரு வேறுபாட்டை எண்ணிப் பார்த்தால், நம் ஊர் வரலாறுகளில் இல்லாதது என்ன என்பது விளங்கும்.

இதை வெள்ளைக்காரன் செய்த குறை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. பெயரைக் கல்லில் எழுதும் வழக்கம் நமக்கும் பழையதே. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவனோடு நின்று கள்வர்களைக் கடித்த நாயின் உருவமும் அதில் உண்டு. நாயின் பெயரும் உண்டு. கோவிவன் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. என் அப்பாயியின் பெரியப்பா பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அவர் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் பூலாம்பாடி. பச்சைமலையின் அடிவாரப் பகுதி. பூலாப் புதர் மண்டிக் கிடந்த பாடி என்பதால் இப்பெயர் வந்திருக்கும் என்பது என் எண்ணம். தாவரவியல் படிப்பவனுக்கு வேறு என்ன தோன்றும்? மழையை நம்பிய மண். இன்று மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன; அப்பாயி காலத்தில் வரகும் கம்பும் சோளமும். மழை பொய்த்தால் கடல் தாண்டிப் போவது இப்பக்கத்து வழக்கம். எங்கள் ஊரிலிருந்து மலேசியா சென்றவர்கள் மிகப் பலர், இன்றும் செல்கிறார்கள். 1930களில் கங்காணி ஒருவர் பின்னே அண்ணனும் தம்பியுமாக இருவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. உடலுழைப்புத் தொழிலாளரை இப்படித் திரட்டி அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. இவர்கள் அதற்கு முன்னே போய்விட்டவர்கள். தம்பிதான் அப்பாயியின் தந்தை. அண்ணன்தான் அந்தப் பெரியப்பா.

போர் வந்தது. மலாயா சப்பானியர் கையில் விழுந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட 1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர்களை இழுத்துப் போனார்கள். காலராவாலும் பசியாலும் அடியாலும் அந்தப் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் தமிழர் மிகப் பலர். அண்ணன் போனார், திரும்பவில்லை. தம்பி போர் முடிந்து ஊர் வந்து சேர்ந்தார். அதே பாதையில் இறந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் 7,000ஐ நெருங்கும் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றில் மிகப் பலவற்றில் பெயரும் படைப்பிரிவும் வயதும் உண்டு. ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை.

சரி, அரசுகள்தாம் எழுதவில்லை. வீட்டில் எப்படி மறந்தார்கள்? இதைத்தான் நான் பல நாள் அப்பாயியிடம் துருவிக் கேட்டேன். விடை வியப்பானது. மரியாதையால் மறந்திருக்கிறார்கள்! தம்பி தன் அண்ணனை 'அண்ணன்' என்றே சொன்னார். தம்பி மனைவி மூத்தார் பெயரை வாயால் சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்கு அவர் 'மலாய் போன பெரியப்பா'. "பேரு என்னான்னு யாரு சாமி கேட்டா? பெரியப்பான்னா பெரியப்பாதான்" என்றார் அப்பாயி. பெரியவர் பெயரைச் சொல்லாமை நம் பண்பாடு என்று பெருமைப்படுகிறோம். சொல்லாத பெயர் இரண்டு தலைமுறைக்குள் அழிந்துபோகும் என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் ஒன்றுதான் இதற்கு மாற்றாக இருந்தது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது அல்லவா? மணமாகாமலே இறந்தவருக்குப் பெயரனும் இல்லை.

நிற்க. எழுதியவன் இருந்தால் பெயர் நிற்கும் என்பதற்கு நம் மாவட்டங்களே சான்று. உ. வே. சாமிநாதையர் இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் வாழ்ந்து தமிழ் கற்றவர். அரியலூர்ச் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, கார்குடிக் கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் ஆகியோரை இன்று நாம் அறிவது எதனால்? பட்டமும் பதவியுமா அவர்களுக்கு இருந்தன? அவர்களிடம் பாடம் கேட்ட சிறுவன், 85 வயதை ஒட்டிய முதுமையில், 1940இல் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினான். 1942இல் அவர் மறைந்தபோது நூல் முடியாமல் நின்றது. ஆனால் அந்த ஆசிரியர்களின் பெயர்கள் அதற்குள் வந்துவிட்டன. அக்காலத்தில் இந்த ஊர்களில் களை எடுத்த, கவலை இறைத்த ஒருவரையாவது இவ்வளவு விவரமாக நாம் அறிவோமா? 1878இல் லூயிஸ் மூரும் 1907இல் ஹெமிங்வேயும் எழுதிய திருச்சிராப்பள்ளி மாவட்ட நூல்கள் இருக்கின்றன. மழை, மண், வரி, ஜமீன் எல்லாம் அவற்றில் உண்டு. மக்கள் சாதிவாரியாகக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். 1956 நவம்பர் 23ஆம் நாள் அரியலூர் அருகே மருதையாற்றில் தூத்துக்குடி விரைவு வண்டி விழுந்து 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதைப் பள்ளியில் படித்தோம். அவர் செயல் உயர்ந்தது, மறுக்கவில்லை. வண்டியில் இருந்தவர்களில் ஒருவர் பெயரையாவது நாம் படித்தோமா?

கிழவர்களின் வாய்ச்சொல் வரலாறாகுமா, நினைவு பிசகாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பிசகும். அப்பாயியின் ஆதார் அட்டை அவர் ஜனவரி முதல் தேதி பிறந்ததாகச் சொல்கிறது. அவரோ 'பெரும்புயல் அடித்த கார்த்திகை' என்கிறார். 1952 நவம்பர் இறுதியில் தஞ்சை, திருச்சி மாவட்டங்களைப் புயல் தாக்கியது உண்மை. இங்கே பிசகியது அட்டைதான். வாய்ச்சொல்லைச் சோதிக்க வழிகள் உண்டு: தொடக்கப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய பாஸ்போர்ட்டு, மலாயாக் கடிதம், கடன் வாங்கிய புரோநோட்டு. கோவில் குழல் விளக்கில் 'உபயம்' என்று எழுதிய பெயரும் ஒரு சான்றே. விளக்கின் வெளிச்சத்தை மறைத்தாலும் வரலாற்றுக்கு வெளிச்சம் தரும்.

இதைவிடக் கடினமான கேள்வியை அப்பாயி கேட்டார். "கஞ்சிக்கு அலைஞ்ச கதையக் காலேசு பொஸ்தகத்துல போடணுமா?" அப்பாவின் எண்ணமும் அதுவே. பட்டதை மறப்பதற்காகத்தானே பிள்ளையைப் படிக்க வைக்கிறோம் என்கிறார். இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. 'அந்த நாள் இனி வருமா' என்று ஏங்குவதற்கு அந்த நாளில் வீட்டில் நெல் இருந்திருக்க வேண்டும். அது வரவே கூடாது என்று எண்ணுகிறவர்கள் வாய் திறப்பதில்லை. அதனாலேயே ஊர் நினைவுகள் எல்லாம் தேரும் திருவிழாவுமாக ஒருபக்கம் சாய்ந்து கிடக்கின்றன. பிளஸ் டூ முடித்ததும் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கினேன். எங்கள் குடும்ப வரலாற்றை அரசு எங்களிடம் கேட்டது அந்த ஒருமுறைதான். அதுவும் எவரும் பட்டம் பெறவில்லை என்று எழுதித் தருவதற்காக. படிக்காமல் அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுத அதில் இடமில்லை. அந்த இடத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் சொல்கிறவர் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது. அப்பாயி கதையை எழுத ஒப்புக்கொண்டார்; தன் பெயர் அச்சில் வரக் கூடாது என்றார். ஆகவே இங்கே வரவில்லை. வீட்டுக் குறிப்பேட்டில் இருக்கிறது.

செய்முறை ஒன்றும் புதிதன்று. எங்கள் துறையில் ஒரு செடியைச் சேகரித்தால் உலர்த்தித் தாளில் ஒட்டி, பெயர், கிடைத்த இடம், நாள், சேகரித்தவர் ஆகியவற்றை ஓரத்தில் எழுதுகிறோம். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினா உலர்தாவரச் சாலையில் பல்லாயிரம் தாள்கள் இப்படி இருக்கின்றன. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரத்துக்கு வேலியும் அறிவிப்புப் பலகையும் உண்டு. பன்னிரண்டு கோடி ஆண்டுகளாகக் கிடக்கும் அந்தப் 18 மீட்டர்க் கல் நாளைக்கும் கிடக்கும். எண்பது வயதுக்காரர் அப்படி இருக்க மாட்டார். இங்கிலாந்தில் ஜார்ஜ் எவர்ட் எவன்ஸ் என்ற எழுத்தாளர், தாம் குடியிருந்த பிளாக்சால் என்ற சிற்றூரில் ஆடு மேய்த்த, புல் அறுத்த முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டே 1956இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரிடம் இருந்தவை பொறுமையும் குறிப்பேடும். நம்மிடம் பேச்சைப் பதிவு செய்யும் கைப்பேசியும் இருக்கிறது. அதில் நாள் முழுதும் என்ன பதிவு செய்கிறோம் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை!

நம் வகுப்பறைகளில் வேப்பந்தட்டை, அரும்பாவூர், குன்னம், செந்துறை என்று எத்தனையோ ஊர்கள் அமர்ந்திருக்கின்றன. மாணவர் ஒருவர், தம் வீட்டில் அல்லது தெருவில் உள்ள முதியவர் ஒருவரைப் பற்றி ஒரே ஒரு தாள் எழுதினால் போதும். மேலே பெயர். கீழே பிறந்த ஊர், செய்த வேலை, போன இடம், சொன்னவர், சொன்ன நாள். நூலகத்தில் அதற்கென ஓர் அடுக்கை ஒதுக்கித் தரும்படி முதல்வர் அவர்களையும் பேராசிரியப் பெருமக்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் வேண்டாம்.

பெரியப்பாவின் தாளை நான் எழுதி வைத்திருக்கிறேன். போன ஆண்டு, இறங்கிய துறைமுகம், செய்த வேலை எல்லாம் நிரம்பிவிட்டன. மேல்வரி மட்டும் காலி. அப்பாயியின் தந்தைக்குப் பங்காளி முறையான ஒரு தாத்தா கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டியவர். பொங்கல் விடுமுறையில் அவரைப் பார்க்கப் போகிறேன். காது சரியாகக் கேட்காதாம். அப்பாயியும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.