பணப்பையைப் பார்த்துத் திறக்கும் சிறைக்கதவு

வெள்ளையன் எழுதிவைத்த குற்றச் சட்டங்களைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டோம். இனி ஒறுப்பு எம் நோக்கமன்று, முறைமையே எம் நோக்கம் என்று முழங்கியது தில்லி. 2024 சூலை முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த அச்சட்டங்களின் பெயர்களைத் தமிழ்நாட்டு ஏழையொருவன் தன் வாயால் சொல்லிப் பார்க்கட்டும். பாரதீய நியாய சன்கிதாவாம். பாரதீய நாகரிக் சுரக்சா சன்கிதாவாம்! தன்னைச் சிறைக்குள் தள்ளும் சட்டத்தின் பெயரே அவனுக்கு விளங்கவில்லை.

பெயர் கிடக்கட்டும், உள்ளே இருப்பதென்ன? சிறைக்கு மாற்றாகக் குமுகாயப் பணி என்றொரு புதிய ஒறுப்பைச் சேர்த்திருக்கின்றனர். பிரித்தானியா 1972-இலேயே சட்டமாக்கிய வழி அது. நல்ல வழிதான், நாம் மறுக்கவில்லை. ஆனால், எத்தனைக் குற்றங்களுக்கு? ஆறே ஆறு! அவற்றுள் ஏழைக்கு உண்மையில் பயன்படக்கூடியது சிறு திருட்டுக்கான விதி ஒன்றே. முதன்முறையாக, 5,000 உருபாவுக்குக் குறைந்த மதிப்புள்ள பொருளைத் திருடியவன், அப்பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால் சிறைக்குப் போகாமல் குமுகாயப் பணியோடு மீளலாம். திருப்பித் தந்துவிட்டால்! பசிக்கு அரிசியைத் திருடி உலையிலிட்டு உண்டுவிட்டவன் எதைத் திருப்பித் தருவான்? கையில் காசிருந்தால் அவன் ஏன் திருடப் போகிறான்? பொழுதுபோக்காகக் கடையில் களவாடிய செல்வன் மகன் அன்றே பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் பணிசெய்யப் போவான். பசித்தவனுக்கு அவ்வழி அடைபடும். அப்பணி எவ்வகையது, எத்தனை மணி நேரத்தது என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. கூலி கிடையாது என்பதை மட்டும் ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது. எவனுக்கு நூலகம், எவனுக்குச் சாக்கடை என்பதை யார் பிரிப்பது?

குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவன் கதை இது. மெய்ப்பிக்கப்படாதவன் கதை இதனினும் கொடிது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் அடைபட்டிருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் வழக்காய்வு முடியாதவர்கள். நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்தாறு பேர்! இவர்களுள் பலருக்குப் பிணை ஆணை கிடைத்தும் பிணையாள் கிடைப்பதில்லை.

1978-இல் உச்ச அறமன்றத்தின்முன் வந்த மோத்திராம் வழக்கை நினைவுகூர்க. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தன் அவன். உச்ச அறமன்றமே பிணையில் விடச் சொன்ன பிறகு, கீழ்மன்ற நடுவர் 10,000 உருபாவுக்குப் பிணையாள் கேட்டார். உடன்பிறந்தான் முன்வந்தான், அவன் சொத்து வேறு மாவட்டத்திலிருக்கிறது என்று தள்ளினார். 1,000 உருபாவுக்கு அவன் தன் உறுதிமுறியே போதும் என்று விடுவித்தார் கிருட்டிண ஐயர். தொலைவிலுள்ள வடபுலத்து ஊரில் தளைப்படும் தமிழன் அவ்வூரில் சொத்துள்ள பிணையாளுக்கு எங்கே போவான் என்னும் கருத்தையும் அத்தீர்ப்பிலேயே எழுப்பினார். தீர்ப்பு வந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்தன. சொத்துச் சான்று கேட்பது இன்றும் நிற்கவில்லை.

புதுச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவன் பெரும ஒறுப்புக் காலத்தில் மூன்றிலொரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் விடுவிக்கச் சொல்கிறது. சாவு ஒறுப்போ வாழ்நாள் சிறையோ உள்ள குற்றங்களுக்கு அது பொருந்தாது, போகட்டும். ஆனால், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கிருந்தாலும் விடுதலையில்லையாம்! இரண்டாம் வழக்கொன்றைப் புனைவது காவலர்க்கு அரிய வேலையா?

புதுச் சட்டம் வேண்டியதே இல்லை. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் கையிலிருக்கிறது. அதன் 4-ஆம் பிரிவு, சாவு ஒறுப்போ வாழ்நாள் சிறையோ இல்லாத குற்றங்களில், நன்னடத்தை உறுதிபெற்று விடுவிக்க இடந்தருகிறது. அத்தகைய குற்றம் புரிந்தவன் இருபத்தோரு அகவைக்குட்பட்டவனாயின், அவனைச் சிறைக்கனுப்பும் நடுவர் அதற்குரிய கரணியத்தை எழுதிவைத்தாக வேண்டும் என்கிறது 6-ஆம் பிரிவு. 12-ஆம் பிரிவோ, குற்றவாளி எனப்பட்டதால் வரும் தகுதியிழப்பிலிருந்தும் அவனைக் காக்கிறது.

தமிழ் வழக்கறிஞர்களே! கீழமை மன்றங்களில் தமிழில் தீர்ப்பெழுதச் சட்டம் இடந்தந்திருக்கிறது. கூண்டில் நிற்கும் இருபது அகவை இளைஞனுக்காக அந்த 6-ஆம் பிரிவைச் சுட்டித் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அவனைச் சிறைக்கனுப்பும் நடுவர், அதற்கான கரணியத்தை அவனுக்குப் புரியும் மொழியில் எழுதட்டும்.