மார்கழி நோன்பும் மழைக் குறிப்பும்

குளிர்காலம் என்னும் சொல்லைப் படிக்கும் மாணவர் மனத்தில் பனி மூடிய மலைகளும் இலையுதிர்ந்த மரங்களும் தோன்றுதல் இயல்பு. கல்முனைக் கரையில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழரைப் பாகைக்கும் உட்பட்டு வாழும் நமக்கு, ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வேறுபாடுகூட இல்லை. ஆகவே பருவத்தை நாம் காற்றையும் நீரையும் கொண்டே அறிகிறோம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அனலாய் வீசும் கச்சான் ஓய்ந்து, வடக்கிலிருந்து வாடை எழுந்து, கிணற்று நீர் மெல்ல மெல்ல மேலேறும்போது மாரி வந்துவிட்டது என்போம். நம் குளிர்காலம் அதுவே.

அந்த மாரி மாறிவிட்டது என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். பள்ளிவாசல் முற்றத்திலும் ஆசிரியர் அறையிலும் தேநீர்க் கடையிலும் இதே பேச்சு. வீட்டு வளவில் சில மரங்களையும் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளையும் பேணி வருபவன் என்ற முறையில் நானும் அவ்வாறே சொல்லி வந்தேன். ஆயின், எவ்வளவு மாறியது, எப்போதிருந்து மாறியது என்று மாணவன் ஒருவன் என்னைக் கேட்டபோது என்னிடம் விடை இல்லை. அந்த வெட்கமே இதனை எழுதத் தூண்டியது.

நம் ஊர்களின் வாழ்வில் இரண்டு நாட்காட்டிகள் ஒருங்கே நடைபெறுகின்றன. வயலுக்கும் தோட்டத்துக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை என்னும் சூரிய மாதங்கள். நோன்புக்கும் பெருநாளுக்கும் ஹிஜ்ரி மாதங்கள். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. ஆதலால் ரமழான் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 1966 இறுதியில் மார்கழியோடு ஒன்றிய நோன்பு, 1999 இறுதியில் மீண்டும் மார்கழியில் வந்தது. இனி 2031 இறுதியில் வரும். ஒருவர் தம் ஆயுளில் இத்தகைய சுற்றை இருமுறை காணலாம். நீண்ட ஆயுள் வாய்த்தவர் மும்முறை காண்பார். ஒரு மாரியை மற்றொரு மாரியோடு ஒப்பிடுவதற்கு இதனினும் எளிய அளவுகோல் நமக்கு வேண்டியதில்லை.

1999 நோன்பில் சஹருக்கு எழுந்து கிணற்றடியில் முகம் கழுவியபோது பல் கிட்டிய குளிர் இன்றும் என் நினைவில் இருக்கிறது. அதை என் உம்மாவிடம் சொன்னால் அவர் சிரிப்பார். “அதெல்லாம் ஒரு குளிரா மகன்? நாங்க சின்னப் பிள்ளையா நோன்பு பிடிச்ச காலத்தில எல்லோ குளிர்” என்பார். அவருடைய உம்மாவைக் கேட்டிருந்தால் அவரும் அவ்வாறே சொல்லியிருப்பார் போலும். இளமையின் குளிர் எல்லோருக்கும் பெருங்குளிரே. நினைவைச் சாட்சியாக வைத்து வானத்தை வழக்குக்கு இழுத்தல் இயலாது என்பதை இதிலிருந்து உணர்ந்தேன்.

இன்னுமொரு தடை உண்டு. அன்று என் வளவைச் சுற்றிக் கிடுகு வேலி இருந்தது, இன்று மதில். முற்றத்து மணலில் பாதி கொங்கிறீட்டாகிவிட்டது. இரண்டு தென்னைகள் நின்ற இடத்தில் சுவர் எழுந்துவிட்டது. பகலில் உண்ட வெயிலைச் சுவர் இரவில் உமிழ்கிறது. உலகெங்கும் கடந்த பல பத்தாண்டுகளில் நிலப்பகுதிகளின் இரவுகள் பகல்களைவிட விரைவாகச் சூடேறியுள்ளன என்பது அறிவியலார் கண்ட உண்மை. உலகின் சூடும் என் மதிலின் சூடும் கலந்தே என் மேனியைத் தீண்டுகின்றன. அவற்றைப் பிரித்தறிய மேனியால் ஆகாது.

மரமும் கிணறும் நம்மைவிட நேர்மையான சாட்சிகள். மா பூப்பதற்கு ஈரம் குறைந்த, சற்றே குளிர்ந்த நாள்கள் வேண்டும். தை, மாசியில் மழை நீடித்தால் பூங்கொத்துகள் கறுத்து உதிர்கின்றன. கிணறோ இன்னும் பெரிய செய்தி சொல்வது. கடலோர மணலின் அடியில் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கும் மழைநீரையே நாம் அள்ளிக் குடிக்கிறோம். 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் புகுந்து கிணறுகளை உப்பாக்கிற்று. அடுத்தடுத்த மாரிகளின் மழையே அவ்வுப்பைக் கழுவிற்று. மாரி பொய்த்தால் கத்தரிப் பாத்தி மட்டுமன்று, குடிநீரும் கெடும்.

மாரி ஒவ்வோர் ஆண்டும் ஒரே முகம் காட்டுவதில்லை. 2011 ஜனவரி, பெப்ரவரியில், மழை குறைய வேண்டிய நாள்களில், பெருமழை கொட்டி விளைந்து வந்த பெரும்போகப் பயிரை அழித்தது. அது பசிபிக் கடல் குளிரும் லா நினா ஆண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலைக் கடந்த நாள்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் குளிரால் மடிந்தன. ஆகவே குளிர் அடியோடு போய்விட்டது என்பதும் முழு உண்மையன்று. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு கூடினால் அது ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும்; அந்நீராவி மழையாய் இறங்கும்போது ஒரே நாளில் கொட்டும் அளவும் மிகலாம்.

அதன் விலையை நம் ஊர்கள் அறியும். 2024 நவம்பர் 26 இல் காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியைக் கடந்த வெள்ளம், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்கள் சென்ற உழவு இயந்திரத்தைக் கவிழ்த்தது. அப்பிள்ளைகளில் சிலர் வீடு சேரவில்லை. எத்தனை மில்லிமீற்றர் பெய்தால் எந்த வீதி எத்தனை மணி நேரத்தில் மூழ்கும் என்பதை ஊரார் எழுதி வைத்த ஏடு நம்மிடம் இல்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையங்கள் மட்டக்களப்பிலும் பொத்துவிலிலும் உள்ளன. மழையோ மருதமுனையில் கொட்டி நிந்தவூரில் தூறிப் போவதுண்டு. இடையில் உள்ள கணக்கை நாமே எழுத வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரம் ஒன்றை மரநிழலும் கூரையும் படாத வெளியில் வைத்து, நாள்தோறும் காலை எட்டரை மணிக்குத் தேங்கிய நீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால் போதும். ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு சதுர மீற்றர் நிலத்தில் வீழ்ந்த ஒரு லீற்றர் நீர். அதனோடு கிணற்று நீரின் ஆழம், மா பூத்த நாள், வாடை தொடங்கிய நாள், வீதியில் வெள்ளம் ஏறிய நேரம் ஆகியவற்றையும் குறிக்கலாம். ஒவ்வொரு பாடசாலையும் இவ்வாறு ஓர் ஏட்டைப் பேணினால் விஞ்ஞானமும் கணிதமும் தமிழும் அதிலேயே கற்பிக்கலாம். மழை பெய்யாத நாளிலும் “இல்லை” என்று எழுத வேண்டும். ஏட்டின் உயிர் அதில் உள்ளது.

நானும் ஒரு கொப்பியும் ஒரு தகரப் பேணியுமாகத் தொடங்கியிருக்கிறேன். முதற் பக்கத்தில் தேதியும் மழையளவும் மட்டுமே உள்ளன. 2031 மார்கழியில் சஹருக்கு எழும் பிள்ளைகள் முன்னைய மாரிகள் எப்படி இருந்தன என்று கேட்பார்கள். அன்று என் பல் கிட்டிய கதையைச் சொல்வதோடு அந்தக் கொப்பியையும் அவர்கள் கையில் கொடுக்க விரும்புகிறேன்.